சுவரை உடைக்காமல் கேபிள் கோளாறைக் கண்டறியலாம்!
நெட்வொர்க் அனலைசரின் ஆப்ஷன் சாப்ட்வேர்கள்: ஓர் அறிமுகம்

உத்திரமேரூர் கோயில் சுவரில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வெட்டிய எழுத்தை இன்றும் படிக்கலாம். ஆனால் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் எங்கள் வீட்டுச் சுவருக்குள் ஓடும் ஒரு கேபிளில் என்ன நடக்கிறது என்று படிக்க வழி தெரியாமல் 2021ஆம் ஆண்டில் நான் விழித்துக் கொண்டு நின்றேன். அப்போது கை கொடுத்தது உள்ளங்கை அளவுள்ள ஒரு கருவியும், அதன் அளவீடுகளைக் கணக்கிட்டுக் காட்டும் ஒரு சாப்ட்வேரும். அதனை உங்களுடன் பகிர்ந்து கொள்ளவே இந்தக் கட்டுரை.

நான் சாப்ட்வேர் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். கொரோனா காலத்தில் வீட்டிலிருந்தே வேலை. எங்கள் பக்கத்தில் அப்போது பைபர் இணைப்பு வரவில்லை. வீட்டிற்குள் மொபைல் சிக்னலும் குறைவு. எனவே மொட்டை மாடியில் இரும்புக் குழாய் நட்டு, அதில் ஒரு 4ஜி ஆன்டெனாவை டவர் இருக்கும் திசை நோக்கிப் பொருத்தி, 15 மீட்டர் கேபிள் மூலம் என் அறையில் உள்ள ரௌட்டருடன் இணைத்திருந்தேன். (இது வெறும் ஆன்டெனாதான். அனுமதி பெறாமல் மொபைல் சிக்னல் பூஸ்டர் வைப்பது நம் நாட்டில் சட்டப்படி குற்றம் என்பதை நினைவில் கொள்ளவும்.) வீட்டைப் புதுப்பித்தபோது இந்தக் கேபிளைச் சுவருக்குள் பைப் பதித்துக் கொண்டு போய்ப் பூசிவிட்டோம்.

ஒரு திங்கட்கிழமை காலையில் இன்டர்நெட் நின்றும் நடந்தும் வந்தது. ரௌட்டரின் பக்கத்தில் வழக்கமாக மைனஸ் 95 டி.பி.எம். என்று காட்டும் சிக்னல் அளவு மைனஸ் 118க்குப் போயிருந்தது. ஆன்டெனா திசை மாறவில்லை. கனெக்டர்கள் சரி. ரௌட்டரில் வேறு சிறிய ஆன்டெனாவை மாட்டி மாடிக்குக் கொண்டு போனால் நன்றாக வேலை செய்தது. ஆக, கோளாறு சுவருக்குள் இருக்கும் கேபிளில்தான்.

எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன் பார்த்துவிட்டு, “செவுத்த ஒடச்சிப் பாத்தாதான் தம்பி தெரியும்” என்றார். அப்பா ஒன்றும் பேசவில்லை. அக்கா கல்யாணத்திற்கு மூன்று வாரம்தான் இருந்தது. கடன் வாங்கிப் பூசிப் பெயின்ட் அடித்த சுவர் அது. இன்னொரு பக்கம், இன்டர்நெட் சரியில்லை என்றால் சென்னைக்கு வந்து அறை எடுத்துத் தங்கி வேலை பார் என்று மேலாளர் சொல்லிவிட்டார். கல்யாண வீட்டை விட்டு எப்படிப் போவது?

அப்போதுதான் கல்லூரி ஆய்வகத்தில் பார்த்த ஒரு கருவி நினைவுக்கு வந்தது.

நெட்வொர்க் அனலைசர் என்றால் என்ன?

நெட்வொர்க் என்றதும் கம்ப்யூட்டர் நெட்வொர்க் என்று எண்ண வேண்டாம். கேபிள், ஆன்டெனா, பில்டர் போன்றவை சேர்ந்த மின்சுற்றையும் நெட்வொர்க் என்றே அழைப்பார்கள். வெக்டர் நெட்வொர்க் அனலைசர் எனப்படும் வி.என்.ஏ. கருவி, ரேடியோ அலை ஒன்றைச் சிறு அளவில் அந்தச் சுற்றுக்குள் அனுப்புகிறது. அதில் எவ்வளவு திரும்பி வருகிறது, எவ்வளவு மறுமுனைக்குச் செல்கிறது என்று அளக்கிறது. திரும்பி வருவதற்கு எஸ்11 என்றும், கடந்து செல்வதற்கு எஸ்21 என்றும் பெயர். அலையின் அளவை மட்டுமின்றி, அது எத்தனை டிகிரி திரும்பியிருக்கிறது என்ற பேஸ் கோணத்தையும் சேர்த்து அளப்பதால்தான் வெக்டர் என்ற அடைமொழி. ஒரு பிரீக்வன்சியில் அளந்து முடித்ததும் அடுத்ததற்குச் செல்லும். இவ்வாறு தொடக்கத்திலிருந்து முடிவு வரை சென்று அளப்பதனை ஸ்வீப் என்கிறோம்.

கல்லூரியில் இருந்தது பல லட்ச ரூபாய் மதிப்புள்ள கருவி. அதன் மெனுவில் “டைம் டொமைன்” என்று ஒரு பிரிவு இருந்தது. கேபிளில் கோளாறு எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று அது காட்டும் எனப் பாடத்தில் படித்திருந்தோம். ஆசையாக அழுத்தினேன். “இந்த ஆப்ஷன் இன்ஸ்டால் செய்யப்படவில்லை” என்று திரையில் செய்தி வந்தது. “அதுக்குத் தனியா பணம் கட்டணும்பா” என்றார் ஆய்வக உதவியாளர். கருவி எதிரே இருக்கிறது, அளக்கவும் செய்கிறது. அப்புறம் எதற்குத் தனிப்பணம் என்று அன்று எனக்குப் புரியவில்லை.

ஆப்ஷன் என்பது என்ன?

இத்தகைய கருவிகளை வாங்கும்போது அடிப்படை அளவீடுகள் மட்டும் கிடைக்கும். மற்றவை ஆப்ஷன்கள். பல ஆப்ஷன்களுக்குக் கருவியைத் திறக்கக்கூட வேண்டியதில்லை. பணம் கட்டினால் கருவியின் சீரியல் எண்ணிற்கு ஏற்ற லைசன்ஸ் கீ தருவார்கள். அதனைப் பதிந்தவுடன் மெனு திறந்துகொள்ளும். நம் கம்ப்யூட்டரில் சோதனைப் பதிப்பாக இருக்கும் சாப்ட்வேர், கீ கொடுத்தவுடன் முழுப் பதிப்பாக மாறுவது போலத்தான் இதுவும்.

டைம் டொமைன் இவற்றில் பழைமையான ஒன்று. எச்.பி. நிறுவனம் 1984ல் வெளியிட்ட 8510 என்ற அனலைசரில் இதன் ஆப்ஷன் எண் 010. அந்த அளவீட்டுக் கருவிப் பிரிவு 1999ல் அஜிலென்ட் என்றும், 2014ல் கீசைட் என்றும் தனி நிறுவனமானது. பெயர்கள் மாறினாலும் அவர்களுடைய பி.என்.ஏ., பீல்டுபாக்ஸ் வரிசைக் கருவிகளில் இதே 010 என்ற எண் தொடர்ந்து வந்தது. ரோடு அண்ட் ஷ்வார்ஸ் நிறுவனத்தின் இசட்.என்.பி. கருவியில் இதே வசதி கே2 என்ற பெயரில் கிடைக்கிறது.

அடிக்கடி காணப்படும் ஆப்ஷன்களும் அவற்றின் பணியும் இதோ:

1. டைம் டொமைன்: பிரீக்வன்சி வாரியாக எடுத்த அளவீட்டைத் தூர வாரியாக மாற்றிக் காட்டும்.

2. டைம் கேட்டிங்: குறிப்பிட்ட தூரத்திலிருந்து வரும் எதிரொலியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிக் காட்டும். பொதுவாக டைம் டொமைனுடன் சேர்ந்தே வரும்.

3. பிக்ஸ்சர் நீக்கம்: அளக்க வேண்டிய பொருளைக் கருவியுடன் இணைக்கும் அடாப்டர், சர்க்யூட் போர்டு போன்றவற்றின் விளைவைக் கழித்துவிடும்.

4. பிரீக்வன்சி ஆப்செட்: மிக்சர் போன்ற சுற்றுகளுக்கு ஒரு பிரீக்வன்சியில் அனுப்பி வேறொன்றில் அளக்க உதவும்.

5. நாய்ஸ் பிகர்: ஆம்ப்ளிபயர் தன் பங்குக்கு எவ்வளவு இரைச்சலைச் சேர்க்கிறது என்று அளக்கும்.

இந்தப் பட்டியலை ஒருமுறை உற்றுப் பாருங்கள். முதல் மூன்றும் முழுக்க முழுக்கக் கணக்கு. ஏற்கெனவே அளந்த எண்களை எடுத்துச் செய்வது. கடைசி இரண்டிற்கும் ஏற்ற ஹார்ட்வேர் உள்ளே இருக்க வேண்டும். அலையை அனுப்பும் பகுதியும் வாங்கும் பகுதியும் தனித்தனியாக இயங்க வேண்டும், அல்லது ரிசீவர் மிக அமைதியானதாக இருக்க வேண்டும். எனவே எந்த ஆப்ஷனைப் பார்த்தாலும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். இது ஹார்ட்வேரா, கணக்கா? கணக்கு என்றால், அளந்த எண்கள் நம் கையில் இருக்கும் வரை அதனை நம் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் போட்டுவிடலாம்.

பிரீக்வன்சி எப்படித் தூரமாகிறது?

கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தால் எதிரொலி வரும். வர எடுத்துக்கொள்ளும் நேரத்தை வைத்து ஆழத்தைச் சொல்லிவிடலாம். ஆனால் வி.என்.ஏ. அப்படிக் குரல் கொடுப்பதில்லை. ஒரே சுருதியில் “ம்ம்ம்” என்று முனகிக்கொண்டு, பிறகு அடுத்த சுருதிக்கு மாறுகிறது. இதிலிருந்து தூரம் எப்படிக் கிடைக்கும்?

பேஸ் கோணத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. பிரீக்வன்சி கூடக்கூட, திரும்பி வரும் அலையின் கோணம் சுழன்றுகொண்டே போகும். கோளாறு பக்கத்தில் இருந்தால் மெதுவாகச் சுழலும். தொலைவில் இருந்தால் வேகமாகச் சுழலும். சுழலும் வேகத்தைக் கண்டுபிடித்தால் தூரத்தைக் கண்டுபிடித்தது போலத்தான்.

கால்குலேட்டரிலேயே இதனைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு முழுச் சுற்றுக்கு எத்தனை மெகா ஹெர்ட்ஸ் தேவைப்படுகிறது என்று பாருங்கள். பிறகு,

தூரம் (மீட்டரில்) = 150 × வேகக் காரணி ÷ மெகா ஹெர்ட்ஸ்

ஒளி ஒரு மைக்ரோ செகண்டில் 300 மீட்டர் செல்லும். போகவும் வரவும் ஆகும் என்பதால் அதில் பாதி, அதாவது 150. கேபிளுக்குள் அலை ஒளியின் வேகத்தில் செல்வதில்லை. அதில் ஒரு பங்கு வேகத்தில்தான் செல்லும். அந்தப் பங்குதான் வெலாசிட்டி பேக்டர் எனப்படும் வேகக் காரணி. ஆர்.ஜி. 58 கேபிளில் இது 0.66, எங்கள் வீட்டில் போட்டிருந்த எல்.எம்.ஆர். 200 வகையில் 0.83.

கேபிளில் ஒரே ஒரு இடத்தில் எதிரொலி இருந்தால் இந்தக் கால்குலேட்டர் வழியே போதும். கனெக்டர், கோளாறு, ஆன்டெனா என்று பல இடங்களில் இருந்து ஒரே நேரத்தில் எதிரொலி வரும்போது பல சுழற்சிகள் கலந்துவிடும். அவற்றைப் பிரித்தெடுப்பதே இன்வர்ஸ் போரியர் டிரான்ஸ்பார்ம் என்ற கணக்கு. 1965ல் கூலி, டூக்கி ஆகிய இருவரும் வெளியிட்ட வேகமான முறை வந்த பிறகு, கம்ப்யூட்டர்களுக்கு இது கண் சிமிட்டும் நேர வேலையாகிவிட்டது. கல்லூரியில் எனக்குத் திறக்காத அந்த மெனுவுக்குள் இருந்தது அடிப்படையில் இந்தக் கணக்குதான்.

சில ஆயிரம் ரூபாயில் ஒரு வி.என்.ஏ.:

நேனோ வி.என்.ஏ. என்ற கருவியை ஜப்பானில் ஈ.டி.ஒய். 555 என்ற புனைபெயரில் இயங்கும் ஒரு பொறியாளர் வடிவமைத்தார். அதன் வடிவமைப்பையும் சாப்ட்வேரையும் எல்லோருக்கும் திறந்துவிட்டார். 2019ல் சீனாவில் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியதும் உலகெங்கும் அமெச்சூர் ரேடியோ ஆர்வலர்களிடையே பரவியது. உள்ளே இருப்பவை சாதாரண சிப்கள்தான். அலையை உருவாக்க எஸ்.ஐ. 5351 என்ற கிளாக் சிப். திரும்பி வருவதை எண்ணாக மாற்றுவது ஒலிப்பதிவுக்குப் பயன்படும் ஆடியோ சிப். கிளாக் சிப் சுமார் 300 மெகா ஹெர்ட்ஸ் வரைதான் நேரடியாகத் தரும். அதற்கு மேல் 900 மெகா ஹெர்ட்ஸ் வரை அதன் ஹார்மோனிக் அலைகளைப் பயன்படுத்திச் சமாளிக்கிறது. மேலே போகப் போகத் துல்லியம் குறையும்.

இந்தக் குட்டிக் கருவியின் மெனுவிலேயே டிரான்ஸ்பார்ம் என்ற பிரிவு இலவசமாகவே இருக்கிறது. இருப்பினும் அதன் சிறிய திரையில் நீளமான கேபிளைப் பார்ப்பது சிரமம். ரூன் பிரோபெர்க் என்பவர் உருவாக்கிய நேனோ வி.என்.ஏ. சேவர் என்ற இலவச சாப்ட்வேரைக் கம்ப்யூட்டரில் நிறுவிக்கொண்டால் எளிது. நான் செய்த முறை இதோ:

1. கேபிளின் மறுமுனையில் மின்சாரம் எதுவும் இல்லை என்பதனை உறுதி செய்திடவும். டி.டி.எச். கேபிளைச் சோதிப்பதானால் இது மிக முக்கியம். செட் டாப் பாக்ஸ் அந்தக் கேபிள் வழியாக 13 அல்லது 18 வோல்ட் அனுப்புகிறது. அதனைக் கழற்றாமல் வி.என்.ஏ.வை இணைத்தால் கருவி பழுதாகிவிடலாம்.

2. கருவியை யு.எஸ்.பி. மூலம் கம்ப்யூட்டருடன் இணைத்து, சாப்ட்வேரில் சரியான சீரியல் போர்ட்டைத் தேர்ந்தெடுத்து கனெக்ட் பட்டனில் கிளிக் செய்திடவும்.

3. ஸ்வீப் தொடக்கம் 50 கிலோ ஹெர்ட்ஸ், முடிவு 900 மெகா ஹெர்ட்ஸ் என அமைத்திடவும். செக்மென்ட் என்ற இடத்தில் 4 எனக் கொடுக்கவும். இது ஏன் என்று பின்னர் பார்ப்போம்.

4. காலிபரேஷன் விண்டோவைத் திறக்கவும். கருவியுடன் வரும் ஷார்ட், ஓப்பன், லோட் ஆகிய மூன்று சிறு மூடிகளை ஒவ்வொன்றாக மாட்டி அளக்கவும். நம் கேபிள் எந்த இடத்தில் மாட்டப்படுமோ அதே இடத்தில் இவற்றை மாட்ட வேண்டும். அந்த இடம்தான் பூஜ்ய மீட்டர்.

5. கேபிளை மாட்டி ஸ்வீப் செய்திடவும். பின் டைம் டொமைன் ரிப்ளக்டோமெட்ரி விண்டோவில் கேபிள் வகையை அல்லது வேகக் காரணியைக் கொடுக்கவும்.

படத்தில் கோடு எங்கே சட்டென்று மாறுகிறதோ அங்கேதான் விஷயம். ஓம் அளவு பூஜ்யத்தை நோக்கி இறங்கினால் ஷார்ட். மேலே ஏறினால் கேபிள் அறுந்திருக்கிறது. எங்கள் கேபிளில் கோடு கிணற்றில் விழுந்தது போல இறங்கியது. ஷார்ட்! தூரம் 7.4 மீட்டர் என்று காட்டியது.

சாக்பீஸ் கோடு மாறிய கதை:

கேபிள் போன வழியில் நூல் பிடித்து 7.4 மீட்டர் அளந்தோம். ஹாலில் கதவுக்கு மேலே வந்தது. எலக்ட்ரீஷியன் அங்கே சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு உளியை எடுத்தார். எனக்கு ஏதோ உறுத்தியது. அந்த இடத்தில் கேபிளுக்கு எதுவும் நேர்ந்திருக்க வாய்ப்பே இல்லையே?

“அண்ணே, ஒரு நிமிஷம் இருங்க” என்று சொல்லிவிட்டுப் பரணில் கிடந்த மிச்சக் கேபிளை எடுத்தேன். டேப் வைத்து அளந்து சரியாக 3 மீட்டருக்கு வெட்டி, கனெக்டர் போட்டுக் கருவியில் மாட்டினேன். திரையில் சுமார் 2.4 மீட்டர் என்று வந்தது. கையில் இருப்பது 3 மீட்டர், திரையில் தெரிவது 2.4. அப்போதுதான் தவறு புரிந்தது. கேபிள் வகையில் ஆர்.ஜி. 58ஐத் தேர்ந்தெடுத்துவிட்டேன். வேகக் காரணி 0.66 ஆகப் போயிருக்கிறது. அதனை 0.83 ஆக மாற்றியதும் துண்டுக் கேபிள் சரியாக 3 மீட்டர் என்றது. சுவர்க் கேபிளின் ஷார்ட் 9.3 மீட்டருக்கு நகர்ந்தது.

கால்குலேட்டர் முறையிலும் சரிபார்த்தேன். பேஸ் படம் ரம்பப் பல் போல இருக்கும். ஒவ்வொரு பல்லும் ஒரு முழுச் சுற்று. பத்துப் பற்களை எண்ணினால் 134 மெகா ஹெர்ட்ஸ். ஒரு பல்லுக்கு 13.4. எனவே 150 × 0.83 ÷ 13.4 = 9.29 மீட்டர். இரண்டும் ஒத்துப் போயின.

மறுபடியும் நூல் பிடித்தோம். 9.3 மீட்டர் ஹாலின் எதிர்ச்சுவரில் போய் நின்றது. அங்கே தாத்தாவின் படம் மாட்டியிருந்தது. கல்யாணத்திற்கு வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமைதான் அப்பா அந்தச் சுவரில் நான்கு அங்குல ஆணி அடித்திருந்தார். இன்டர்நெட் படுத்தது அதற்குப் பிறகு வந்த திங்கட்கிழமை. யாருமே இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

படத்தை இறக்கி ஆணியைப் பிடுங்கினோம். அங்கே மட்டும் ஒரு சாண் அளவுக்குச் சுவரைத் திறந்து, கேபிளை வெட்டி இரு கனெக்டர்கள் போட்டு இணைத்தோம். மீண்டும் ஸ்வீப் செய்தபோது 9.3 மீட்டரில் இணைப்பின் சிறு மேடு மட்டும் தெரிந்தது. பெரிய எதிரொலி ஆன்டெனா இருக்கும் 15 மீட்டருக்குப் போய்விட்டது. (ஆன்டெனா தன் பட்டைக்கு வெளியே உள்ள அலைகளைத் திருப்பி அனுப்பும் என்பதால் அது இயல்புதான்.) ரௌட்டரில் சிக்னல் மைனஸ் 97. பூசி மறைத்த இடத்தின் மேலேயே கல்யாணத்திற்குப் பூமாலை தொங்கியது.

செக்மென்ட் ஏன் 4?

டைம் டொமைனில் ஏமாறக்கூடிய இடங்கள் உண்டு. அவை கணக்கின் குணத்திலேயே இருப்பவை. எத்தனை விலையுள்ள கருவியானாலும் பொருந்தும்.

முதலாவது, எட்டும் தூரம். அடுத்தடுத்த இரு அளவீடுகளுக்கு இடையே எத்தனை மெகா ஹெர்ட்ஸ் இடைவெளி என்பதைப் பொறுத்தது. மேலே சொன்ன அதே சூத்திரம்தான். நேனோ வி.என்.ஏ. ஒரு ஸ்வீப்பில் 101 புள்ளிகளை எடுக்கும். 900 மெகா ஹெர்ட்ஸைப் பங்கிட்டால் இடைவெளி சுமார் 9 மெகா ஹெர்ட்ஸ். எங்கள் கேபிளில் அது எட்டும் தூரம் 13.8 மீட்டர் மட்டுமே. 15 மீட்டரில் உள்ள ஆன்டெனா அதற்கு அப்பால் இருப்பதால் தவறான இடத்தில் வந்து நின்று குழப்பும். செக்மென்ட் 4 என்று கொடுத்தால் ஸ்வீப்பை நான்காகப் பிரித்து 404 புள்ளிகள் எடுக்கும். எட்டும் தூரம் 55 மீட்டரைத் தாண்டிவிடும்.

இரண்டாவது, பிரித்தறியும் திறன். அருகருகே உள்ள இரு கோளாறுகளைத் தனித்தனியாகக் காண, மொத்த ஸ்வீப் அகலமாக இருக்க வேண்டும். 900 மெகா ஹெர்ட்ஸ் அகலத்தில் எங்கள் கேபிளுக்கு இது சுமார் 14 சென்டிமீட்டர். தேவையற்ற அலைவுகளைக் குறைக்க விண்டோ என்ற வடிகட்டலைப் போட்டால் ஏறத்தாழ ஒரு சாண் ஆகும்.

மூன்றாவது, முறை. லோ பாஸ் முறையில் ஷார்ட்டா, அறுந்ததா என்பது தெரியும். ஆனால் தொடக்க பிரீக்வன்சி பூஜ்யத்திற்கு அருகில் இருக்க வேண்டும். பேண்ட் பாஸ் முறையில் இடம் மட்டும் தெரியும், வகை தெரியாது.

நான்காவது, கேட்டிங். இணைப்பின் எதிரொலியைக் கேட் போட்டு நீக்கிவிட்டு ஆன்டெனாவை மட்டும் பார்க்கலாம். மிகப் பயனுள்ள வசதி. ஆனால் கேட் நீக்குவது படத்திலிருந்துதான். கேபிளில் கோளாறு அப்படியே இருக்கும். அழகான படம் வேண்டும் என்பதற்காக இதனைப் பயன்படுத்த வேண்டாம்.

அளவீட்டை சேமித்து வையுங்கள்:

சாப்ட்வேரில் பைல் பிரிவுக்குச் சென்று எஸ்1பி வகை பைலாகச் சேமிக்கலாம். நோட்பேடில் திறந்து பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் பிரீக்வன்சி, மெய்ப்பகுதி, கற்பனைப்பகுதி என மூன்று எண்கள் இருக்கும். வேறு ரகசியம் எதுவும் இல்லை. விலையுயர்ந்த கருவிகளும் இதே டச்ஸ்டோன் முறையில்தான் சேமிக்கின்றன.

இந்தப் பைல் கையில் இருந்தால் எக்செல் தொகுப்பின் அனாலிசிஸ் டூல்பேக்கில் உள்ள போரியர் அனாலிசிஸ் மூலம் நீங்களே கணக்கிடலாம். எண்ணிக்கை 256, 512 என இரண்டின் அடுக்காக இருக்க வேண்டும்; அதிகபட்சம் 4096. பைத்தான் தெரிந்தவர்கள் சைகிட் ஆர்.எப். என்ற இலவச நூலகத்தைப் பயன்படுத்தினால் டைம் கேட்டிங், பிக்ஸ்சர் நீக்கம் இரண்டையும் சில வரிகளில் செய்திடலாம். கல்லூரி ஆய்வகத்தில் ஆப்ஷன் இல்லை என்று கவலைப்படும் மாணவர்களே, அந்தக் கருவியில் எஸ்1பி பைலாகச் சேமிக்க முடிந்தால், பென் டிரைவில் எடுத்துக்கொண்டு வீட்டிற்கு வந்து கணக்கைப் போடுங்கள்.

அப்படியானால் நிறுவனங்கள் வாங்கும் பணம் வீணா?

இல்லை. பில்டர் சரிபார்க்க மட்டும் கருவி வாங்குபவர், கேபிள் கோளாறு தேடும் வசதிக்கும் சேர்த்துப் பணம் தர வேண்டாம் என்பது ஆப்ஷன் முறையில் உள்ள நியாயம். சோதித்துப் பார்த்த சாப்ட்வேர், வேகம், கேட்டால் பதில் சொல்ல ஆள் ஆகியவையும் அந்தப் பணத்திற்குக் கிடைக்கின்றன. ஒரு பொருளுக்குச் சான்றிதழ் தர வேண்டிய இடத்தில் நேனோ வி.என்.ஏ. காட்டியது என்று சொல்ல முடியாது. சென்னை தரமணியில் உள்ள சமீர் நிறுவனத்தின் மின்காந்தவியல் மையம் போன்ற ஆய்வகங்கள் அதற்காகத்தான் இருக்கின்றன. சுவருக்குள் ஆணி எங்கே என்று தேடுபவருக்கு அந்தத் துல்லியம் தேவையில்லை. ஒரு சாண் போதும்.

வாங்கும் முன் எது ஹார்ட்வேர், எது கணக்கு என்று பாருங்கள். கணக்கை நம்பும் முன், நீளம் தெரிந்த ஒரு துண்டுக் கேபிளைக் கொண்டு சோதியுங்கள். அந்த 3 மீட்டர் துண்டு இல்லையென்றால் நான் தவறான சுவரை உடைத்திருப்பேன்.

இன்னும் ஒன்று. வீட்டில் சுவர் பூசும் முன், பைப் போகும் வழியை டேப்புடன் சேர்த்து மொபைலில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஆப்ஷனும் தேவைப்படாது. எங்கள் வீட்டில் தாத்தா இப்போது வேறு சுவரில் இருக்கிறார். ஆணி அடிக்கும் முன் அப்பா என்னைக் கூப்பிட்டு, “டேய், இங்க அடிக்கலாமா பாரு” என்று கேட்கிறார்.